எண்ணூரில் பாட வேண்டியது எது?
காலநிலை அறிவியலை இசைவழி மக்களிடம் கொண்டு செல்வது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 1880 முதலான புவி வெப்பநிலைப் பதிவுகளை ஆண்டுக்கு ஒரு சுரமாக மாற்றி 2013இல் அமெரிக்க மாணவர் ஒருவர் செல்லோவில் வாசித்ததைப் பாராட்டுகிறது. சுரம் மேலேறும்போது வெப்பம் ஏறுவது செவிக்கு எட்டுகிறது என்பது உண்மையே. ஆயினும் அதை விளக்க ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

சூழலைப் பாட்டில் சொல்வது வடசென்னையின் எண்ணூருக்குப் புதிதன்று. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2017இலேயே, கபேர் வாசுகியின் வரிகளில் அமைந்த பொறம்போக்குப் பாடலை, எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கர்நாடக இராகங்களில் சென்னைப் பேச்சுத் தமிழிலேயே பாடினார். அருமையான முயற்சிதான், ஆனால் அது எண்ணூரைப் பற்றி வெளியாருக்குச் சொன்ன பாட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்குள்ளவர்கள் தமக்குள் பாடிக்கொள்ள, சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஒலிக்கும் கானாவே பொருத்தம்.

அதிலும் வெறும் புலம்பல் போதாது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே பெய்கிற மழை கொட்டித் தீர்க்கும் என்பதையும், பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலை ஆறு வழியே வரும்போது முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் வெள்ளம் வடியாமல் ஊருக்குள் தேங்கும் என்பதையும் பல்லவியிலேயே வைக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்பே தெருமுனைகளில் அதைப் பாடி, கூடியவர்களிடம் அங்கேயே தூர்வாரும் கோரிக்கை மனுவுக்குக் கையெழுத்து வாங்கி, வார்டு உறுப்பினரிடம் கொடுக்கலாம்.