சர்வீஸ் மட்டும் இருந்திருந்தால்...

இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணன் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் "சர்வீஸ் மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்று இழுப்பார். நேற்றும் ஒரு நண்பர் இழுத்தார். மனசு கேட்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

சர்வீஸ், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கி வைக்கும் அடி, அவருக்கு மெதுவாகத்தான் வரும். முதலாவது தவறினால் போடும் இரண்டாவது சர்வீஸ் இன்னும் மெது. அதை நான் மறுக்கவில்லை. அவருடைய அப்பா ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். அந்த சர்வீஸோடுதான் அவர் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார்.

ஆனால் அப்பா ஆடியது மர மட்டைக் காலம். மகன் மாட்டிக்கொண்டது பந்தை இன்னும் பலமாக அடிக்க உதவும் கிராஃபைட் மட்டைக் காலத்தில். 1985இல் 17 வயது போரிஸ் பெக்கர் இடி மாதிரி சர்வீஸ் போட்டு விம்பிள்டனை வென்றார். அதே வருடம் ஜனவரியில்தான் ரமேஷ் தரவரிசையில் 23ஆம் இடத்தைத் தொட்டார். அடுத்த வருடம் விம்பிள்டன் காலிறுதி. அமெரிக்க ஓப்பனில் 1981, 1987 என்று இரண்டு காலிறுதி. அதில் 1981இல் அமெரிக்க நட்சத்திரம் ஜான் மெக்கன்ரோவிடம் முதல் செட்டையே பறித்தபோது அவருக்கு வயது 20. எல்லோரும் பலத்தை நம்பிய நேரத்தில், பலம் இல்லாத ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இதைப் போய் ஒரு குறையின் கதையாகச் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

எப்படி வந்தார்? அவர் கையைப் பாருங்கள். மட்டையைப் பின்னால் பெரிதாக இழுக்கவே மாட்டார். பந்து தரையில் பட்டு எழும்பும்போதே தொட்டுவிடுவார். எதிராளி அடித்த வேகத்தையே வாங்கி, அவர் எதிர்பார்க்காத மூலைக்குத் தள்ளிவிடுவார். மட்டை பின்னால் போகாததால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று கடைசி நொடி வரை தெரியாது.

இதற்கு நல்ல சாட்சி 1989 ஆஸ்திரேலிய ஓப்பன், இரண்டாம் சுற்று. எதிரே மாட்ஸ் விலாண்டர், அப்போது உலகின் முதல்நிலை வீரர். முந்தைய வருடம் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் மூன்றை வென்றவர். ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனில் நின்று சலிக்காமல் திருப்பி அடித்தே ஆளைக் களைக்க வைப்பவர். ரமேஷ் அவருக்கு அந்த நேரத்தையே கொடுக்கவில்லை. 6-3, 6-2, 7-6. ஒரு செட்டும் விடாமல் நேர் செட்டில் முடித்தார்.

அப்புறம் டேவிஸ் கோப்பை. நாடுகள் அணியாக மோதும் போட்டி, ஐந்து ஆட்டத்தில் மூன்றை வெல்லும் அணிக்கே வெற்றி. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இங்கேதான். 1987 அரையிறுதி, சிட்னியில், ஆஸ்திரேலியர்களின் சொந்தப் புல்தரையில். 2-2 என்று நின்றபோது ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். இறுதியில் ஸ்வீடனிடம் தோற்றோம், சரி. 1993இல் பிரெஞ்சு மண்ணில் மறுபடி அதே நிலைமை, 2-2. வயது 32, ஆட்ட வாழ்க்கையின் கடைசி வருடம். ரோடால்ஃப் ஜில்பெரை வென்று அணியை அரையிறுதியில் சேர்த்தார். நாட்டுக்காக ஆடும்போது, எல்லாம் தன் ஒருவன் தலையில் வந்து நிற்கும்போது, கை நடுங்காமல் அப்படி மெல்லத் தொட்டு ஆட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பலர் மறந்துவிட்ட இன்னொன்றும் இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் இரட்டையரில், டீன்ஏஜ் லியாண்டர் பயஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலிறுதி வரை போனார். அந்த ஒலிம்பிக்கில் அரையிறுதியில் தோற்றவர்களுக்கும் வெண்கலம் உண்டு. அதாவது பதக்கத்துக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றி பாக்கி. குரோஷிய ஜோடியிடம் தோற்றார்கள். நான்கு வருடம் கழித்து அட்லாண்டாவில் லியாண்டர் ஒற்றையரில் வெண்கலம் வாங்கினார். அந்தப் படம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பார்சிலோனாவில் அவர் பக்கத்தில் நின்றவரையும் நினைத்துக்கொள்ளலாமே?

ரமேஷ் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருந்தால், எந்த ஆட்டம், எந்த ஷாட் இன்னும் கண்ணில் நிற்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள்.