ஆங்கிலேயப் பழைய மாளிகையில் நம் கல்யாணம்: வீடு எதைத் தாங்கும், எதைத் தாங்காது

இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகை ஒன்றில் பிள்ளையின் கல்யாணத்தை வைக்க ஆசைப்படும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசையில் ஒரு தவறும் இல்லை. ஆனால் பலர் முற்பணம் கட்டிய பிறகுதான் ஒப்பந்தத்தைப் பிரித்து வாசிக்கிறார்கள். ஓமம் கூடாது, மேளம் கூடாது, அரிசி போடக்கூடாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவருகிறது. உடனே நம் சடங்கை மதிக்கவில்லை என்று கோபம் வருகிறது. அந்தக் கோபம் தேவையில்லை. இருநூறு முந்நூறு வருடத்து வீட்டின் உடம்பு அப்படி. சட்டப்படியான திருமணப் பதிவும் படப்பிடிப்பும் வீட்டுக்குள், நெருப்பும் மேளமும் பந்தியும் வெளியே கூடாரத்தில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு மனமில்லையென்றால் நல்ல மண்டபம் ஒன்றைப் பார்ப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாளிகைகளில் பதிவுத் திருமணம் செய்ய வழிவிட்டது 1994ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம். 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதி கட்டடத்துக்குத்தான். அந்த அனுமதியின் கீழ் நடக்கும் பதிவில் மதச் சடங்கு கலக்கக்கூடாது. ஐயர் தாலி எடுத்துக் கொடுப்பது தனி நிகழ்ச்சி, ரெஜிஸ்ட்ரார் முன் கையெழுத்திடுவது தனி நிகழ்ச்சி. மாளிகையில் தாலி கட்டியது மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. 2021 ஜூலை 1 முதல் அனுமதி பெற்ற இடத்தின் தோட்டத்திலும் பதிவு செய்யலாம். மணமக்கள் இருவரும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய், மணம் முடிக்கப்போவதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும்; அதன் பின் முழுதாக 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவித்தலில் இடத்தின் பெயரும் இருக்கும். இடத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதான். ரெஜிஸ்ட்ராரை மாளிகைக்காரர் அழைத்து வருவதில்லை. அந்தப் பகுதி கவுன்சிலிடம் நீங்களே தனியாகப் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டால் மண்டபம், சாப்பாடு எல்லாம் தயாராக இருந்தும் பதிவு நடக்காது.

அடுத்தது நெருப்பு. இதில்தான் பெரிய மனத்தாங்கல் வருகிறது. மரப் பலகை போர்த்திய சுவர்களுக்குப் பின்னாலும், மாடித் தளத்துக்கும் கீழ்க்கூரைக்கும் நடுவிலும் பழைய வீடுகளில் வெற்றிடம் ஓடும். உள்ளே ஒரு பொறி பிடித்தால் யார் கண்ணிலும் படாமல் அடுத்தடுத்த அறைக்குப் போய்விடும். 1992 நவம்பர் 20 அன்று வின்ட்சர் கோட்டை எரிந்தது, திரைச்சீலையை ஒட்டியிருந்த விளக்கின் சூட்டால். 2015 ஏப்ரலில் சர்ரேயில் கிளாண்டன் பார்க் மாளிகையின் நிலவறை மின்பலகையில் வந்த கோளாறு வீட்டையே கூடாக்கிவிட்டது. இத்தனைக்கும் இரண்டிலும் திறந்த நெருப்பு கிடையாது. நெய் ஊற்றி வளர்க்கும் ஓமத்துக்கு மாளிகைக்காரர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. தீ எழாவிட்டாலும் நெய்ப்புகையின் கரி சுதை வேலைப்பாட்டிலும் ஓவியங்களிலும் படியும். துடைத்தால் பூச்சும் சேர்ந்து வரும்.

கூடாரத்தில் ஓமம் வளர்ப்பதற்கும் முறை உண்டு. கூரை மிக உயரமாக இருக்கும் நடுப்பகுதியில் மணவறையை வையுங்கள். ஓமகுண்டத்தின் கீழே இரண்டு அங்குலம் மணல் பரப்பிய இரும்புத் தட்டும், அதற்கும் கீழே கல் பலகையும் இருக்கட்டும். மணவறைத் துணியும் செயற்கைப் பூவும் தீத்தடுப்புச் செய்யப்பட்டவை என்பதற்கான சான்றிதழை அலங்காரக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். எரியும் நெய்யில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ சிதறும். தீப்போர்வையும் கொழுப்புத் தீக்கான அணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சடங்கு முடியும்வரை அவற்றின் பக்கத்தில் நிற்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். மாப்பிள்ளைத் தோழனுக்கு வேறு வேலை இருக்கும், அவரை நம்ப வேண்டாம்.

கூடாரம் போடுவதிலும் சிக்கல் உண்டு. வெறும் நிலத்தை வருடத்தில் 28 நாள் தற்காலிகமாக வேறு தேவைக்குப் பயன்படுத்தத் திட்ட அனுமதி வேண்டியதில்லை. ஆனால் கட்டடத்தின் வளவுக்குள் அந்தச் சலுகை செல்லாது. எனவே கூடாரத்துக்கான அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா என்று மாளிகைக்காரரிடம் கேளுங்கள். முளைக்கம்பிகள் சுமார் ஒரு மீட்டர் ஆழம் போகும். அங்கே பழைய வடிகால், மின்கம்பி, மரவேர் எதுவும் இருக்கலாம். முளை அடிக்க விடாவிட்டால் எடைக்கட்டிகள் வேண்டும், செலவு கூடும். பந்தி மேசை போட ஒருவருக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்தால் 400 பேருக்கு 600 சதுர மீட்டர். மணவறையும் சமையல் கூடாரமும் இதில் சேராது. சமையல் கூடாரத்தைப் பெரிய கூடாரத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

மின்சாரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு 100 ஆம்பியர் என்றால் கிடைப்பது மொத்தம் 23 கிலோவாட். சாப்பாட்டைச் சூடாக வைக்கும் பெட்டி நான்கு, தேநீர்க் கொதிகலன் மூன்று, ஒவ்வொன்றும் 3 கிலோவாட் என்று போட்டால் அதுவே 21. விளக்கும் ஒலிபெருக்கியும் போட்டதும் வீடு இருட்டாகிவிடும். ஜெனரேட்டர் எடுங்கள்.

மேளத்தின் கதை வேறு. பல மாளிகைகளில் ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். அறையின் சத்தம் வரம்பைத் தாண்டி நீடித்தால் மேடைப் பக்கத்து மின்சாரத்தையே அது துண்டிக்கும். நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே அந்த வரம்பைத் தாண்டும். கெட்டிமேளம் கொட்டும் நொடியில் ஒலிபெருக்கியும், அதே இணைப்பில் இருக்கும் கேமரா விளக்கும் சேர்ந்து அணையும். வரம்பு எத்தனை டெசிபெல், எந்தெந்த மின்செருகிகள் அந்தக் கருவியோடு இணைந்தவை என்று முன்கூட்டியே கேட்டு, மேளக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

சின்னதாகத் தெரியும் மூன்று விஷயங்கள்தான் பிணைத்தொகையைத் தின்கின்றன. ஆரத்தித் தண்ணீர் சுண்ணக்கல் தரையில் சிந்தினால் ஊறிவிடும்; மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் காரம் பட்டுச் சிவந்து இன்னும் மோசமாகும். ஆரத்தியைச் சரளைக்கல் முற்றத்தில் எடுங்கள். வாழைமரத்தைக் கல் தூணில் கட்டினால் கயர், அதாவது வாழைச்சாறு, வடிந்து அழியாத கறை விடும். தூணைத் தொடாமல் இரும்புத் தாங்கியில் நிறுத்தி, வெட்டு வாயை பிளாஸ்டிக்கால் கட்டுங்கள். மணமக்கள் மேல் தூவும் அறுகரிசி வழவழப்பான தரையில் காலை வாரிவிடும், எலியையும் கூப்பிடும். உள்ளே பூவிதழ் போதும்.

படப்பிடிப்பாளரிடம் ஒரு வார்த்தை. பழைய திரைச்சீலையும் கம்பளமும் நிறம் மங்காமலிருக்க அந்த அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்ற மங்கலான அளவில்தான் வைப்பார்கள். ஜன்னல் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. குறைந்த வெளிச்சத்தில் எடுக்கத் தெரிந்தவரை அமர்த்துங்கள்.

கார் நிறுத்த 400 பேருக்குக் குறைந்தது 130 கார் என்று கணக்கு வையுங்கள். ஓடுபாதையும் சேர்த்தால் முக்கால் ஏக்கர் போகும். மழை பெய்த புல்வெளியில் சக்கரம் புதையும். பாதைத் தகடுகளுக்குத் தனி விலை கேட்டுவையுங்கள்.

கடைசியாக நேரம். முகூர்த்தம் காலை 9 மணி என்றால் மணவறை கட்டுபவர் நான்கைந்து மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் மாளிகையாக இருந்தால் முந்தின நாள் மாலைவரை எதையும் இறக்க முடியாது. முந்தின இரவையும் வாடகையில் சேர்த்து, வாசல் திறக்கும் நேரம், கழற்றி முடிக்க வேண்டிய நேரம் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, அதன் பிறகு முற்பணம் கட்டுங்கள்.