இந்தத் தட்டு மட்டமாக உட்காரவே மாட்டேன் என்கிறது

மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்கும் ரவுட்டர் இயந்திரத்தைத் தலைகீழாகப் பொருத்தும் ரவுட்டர் மேசையைச் சொந்தமாகச் செய்வதில் கால், சட்டம், கட்டையை நேராகச் செலுத்த உதவும் வேலி எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டன. ரவுட்டரைத் தாங்கும் அந்த 6 மி.மீ. தட்டுதான் உயிரை வாங்குகிறது. மேசைப் பரப்போடு அது இழைந்து உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தள்ளுகிற கட்டை விளிம்பில் இடித்து நிற்கும். நின்ற இடத்தை ரவுட்டரின் சுழலும் வெட்டு அலகான பிட் கருக்கிவிடும். நான்கு மூலைத் திருகுகளையும் நெடுநேரம் திருகித் திருகிச் சமன் செய்தேன்.

சரி, தீர்ந்தது என்று பார்த்தால், ரவுட்டரின் எடைக்கு மேசையின் 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையே நடுவில் தொய்ந்துவிட்டது! இரண்டு பலகைகளை ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்திருக்க வேண்டும். அப்புறம் அந்தத் தூசி. தலைகீழாகத் தொங்கும் மோட்டாருக்குள் நேராக இறங்குகிறது. ஒவ்வொரு முறை பிட் மாற்றும்போதும் அடியில் குனிந்து ஸ்பானரோடு மல்லுக்கட்டுவது பெரிய கொடுமை.