மாடலருக்கு ஸ்பீக்கர் வாங்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

மாடலர் (ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, எஃபெக்ட்ஸ் ஆகியவற்றின் ஓசையை டிஜிட்டலில் உண்டாக்கும் கிடார் கருவி) வாங்கியாயிற்று. ஹெட்போனில் பிரமாதமாக இருக்கிறது. அடுத்து எந்த ஸ்பீக்கர் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எஃப்ஆர்எஃப்ஆர் வாங்கு, 12 அங்குலமாகப் பார்த்து வாங்கு, வாட் கூடுதலாக இருக்கட்டும்." எஃப்ஆர்எஃப்ஆர் என்றால் எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழச் சமமாகத் தரும் ஸ்பீக்கர் பெட்டி. மேடையேறுகிறவருக்கு அந்தப் பதில் சரி. கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து அறையில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் வாசிக்க வேண்டியவருக்கு இது காசைக் கரியாக்கும் யோசனை. அவருக்கு ஒரு ஜோடி 5 அங்குல ஸ்டூடியோ மானிட்டர் (ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் தரும், அருகில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர்) போதும் என்பது என் கட்சி. எதை வாங்குகிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கேபினட்டின், அதாவது கிடார் ஸ்பீக்கர் பெட்டியின், ஓசையை உண்டாக்கப் போவது மாடலரா, ஸ்பீக்கரா? செலஸ்டியன் வின்டேஜ் 30, கிரீன்பேக் போன்ற கிடார் ஸ்பீக்கர்கள் எல்லா அதிர்வெண்ணையும் சமமாகத் தருபவை அல்ல. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை துருத்திக்கொண்டு நிற்கும். 5, 6 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் மளமளவென்று சரிந்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பை வெட்டி எறிவது இந்தச் சரிவுதான். மாடலரின் கேபினட் பிளாக்கோ (கேபினட் ஓசையைச் சேர்க்கும் பகுதி), நீங்கள் ஏற்றும் ஐஆரோ (நிஜக் கேபினட்டின் ஓசையை மைக் வைத்து அளந்தெடுத்த கோப்பு) செய்வதும் இதே வேலை. மைக்கின் குணமும் அதில் சேர்ந்துகொள்ளும்.

இந்த வேலை ஒருமுறைதான் நடக்க வேண்டும். கேபினட் பிளாக்கை அணைத்துவிட்டு மானிட்டரில் வாசித்தால், ஹை கெய்ன் (டிஸ்டார்ஷன் மிகுந்த) ஆம்ப் தகர டப்பாவில் அடைபட்ட குளவி போல ரீங்கரிக்கும். பிளாக்கைப் போட்டபடியே கிடார் கேபினட்டில் வாசித்தால் வெட்டியதையே மறுபடி வெட்டி, மந்தமாக, பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது மாதிரி கேட்கும். "இந்த மாடலரே சரியில்லை" என்று விற்பனைக்குப் போடுபவர்களில் பலரது சிக்கல் இந்த இரண்டில் ஒன்று. விற்பதற்கு முன் அந்த ஒரு பிளாக்கை மட்டும் பார்த்துவிடுங்கள்.

நிஜமான கிடார் கேபினட்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாடலரில் கேபினட் பிளாக்கை அணையுங்கள், சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் ஒன்றை நடுவில் போடுங்கள், அதிலிருந்து ஸ்பீக்கர் கேபிளில் கேபினட்டுக்குப் போங்கள். கிடார் கேபிளை அந்த இடத்தில் போடாதீர்கள். அதன் உள்கம்பி அவ்வளவு மின்னோட்டத்துக்கானது அல்ல. கையில் பழைய காம்போ ஆம்ப் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) இருந்தால் அதன் எஃபெக்ட்ஸ் லூப் ரிட்டர்னில் செருகலாம். அது ஓசையைச் செதுக்கும் ப்ரீஆம்பைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போகும் சாக்கெட். முன்பக்க இன்புட்டில் செருகினால் மாடலரின் ப்ரீஆம்புக்குப் பின் இன்னொரு ப்ரீஆம்ப் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். காம்போவின் பவர் பகுதி டியூப் என்றால் மாடலரில் முழு ஆம்பை விட்டுவிட்டு ப்ரீஆம்ப் மாடலை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

இனி வாட். 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபெல் வரை வரும். வீட்டில் யாரும் சண்டைக்கு வராமல் வாசிக்கும் அளவு 70, 75 டெசிபெல். 100 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில் 75 வேண்டுமானால் 25 டெசிபெல் இறங்க வேண்டும். அதாவது சுமார் 3 மில்லிவாட். பெட்டியில் 2000 வாட் என்று அச்சடித்திருப்பதற்கும் உங்கள் அறைக்கும் என்ன சம்பந்தம்? அந்த எண் கணநேர உச்சத்தைச் சொல்லும் பீக் கணக்கு வேறு. மானிட்டர்கள் இவ்வளவு உரக்கப் பேசுபவை அல்ல, ஆனாலும் ஓங்கி அடிக்கும் ஸ்ட்ரோக்குகளையும் சேர்த்து 40, 50 வாட் இருந்தாலே வீட்டுக்கு மிச்சம்.

மேடைப் பெட்டியை அறைக்குள் கொண்டுவந்தால் வேறு தொல்லைகளும் வரும். உயர்ந்த ஒலி தரும் ஹார்னும் தாழ்ந்த ஒலி தரும் வூஃபரும் சில மீட்டர் தள்ளி நிற்கும் காதுகளுக்காக அமைக்கப்பட்டவை. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றாகச் சேராமல் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தனித்தனியாகக் கேட்கும். வாசிக்காத நேரத்தில் ஹார்னுக்குப் பின்னிருக்கும் கம்ப்ரஷன் டிரைவரிலிருந்து 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். மேடையில் அது யார் காதிலும் விழாது, நள்ளிரவு அறையில் விழும். தரையில் சாய்த்து வைத்தால் தரையே பேஸைக் கூட்டிக் கொடுக்கும்.

மானிட்டரை வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வை" என்று ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. கிடாருக்கு இதைவிட மோசமான தூரம் கிடையாது. ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போகும் தாழ்ந்த ஒலி, சுவரில் மோதித் திரும்பி வரும்போது நேரே வரும் ஒலியோடு சேர்கிறது. சுவருக்கும் ஸ்பீக்கரின் முகப்புக்கும் உள்ள தூரம் கால் அலைநீளமாக அமைந்த அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதைத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 1 மீட்டருக்கு 86 ஹெர்ட்ஸ். ஆறாவது தந்தியின் ஓப்பன் E 82.4 ஹெர்ட்ஸ், அடுத்த ஃப்ரெட் F 87.3. பாம் மியூட்டின் (உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிப்பதன்) அடிவயிறு இருக்கும் இடத்திலேயே பள்ளம் விழுகிறது.

அதனால் சின்ன அறையில் நேர்மாறாகச் செய்யுங்கள். சுவரோடு ஒட்டினாற்போல் வையுங்கள். பின்பக்கம் போர்ட் (பேஸ் வெளிவரும் துளை) இருந்தால் 10 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு. முகப்பு சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் பள்ளம் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே அது அவ்வளவு ஆழமாகவும் இருக்காது, அறை நிரப்பிவிடும். சுவர் அருகில் இருப்பதால் பேஸ் கூடும், ஆனால் கூடியதைக் குறைப்பது எளிது. அழிந்துபோனதை ஈக்வலைசரில் எவ்வளவு ஏற்றினாலும் மீட்க முடியாது, திரும்பி வரும் ஒலியும் அதே அளவு ஏறும். பல மானிட்டர்களின் முதுகில் இதற்கென்றே சுவிட்ச் இருக்கிறது. யமஹா எச்எஸ்5-இல் அது ரூம் கன்ட்ரோல்: 0, -2, -4 டெசிபெல். சுவரோரம் என்றால் -2-இல் தொடங்குங்கள். மூலையில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே இரண்டு சுவர்கள் சேர்ந்து கூட்டும்.

இரண்டு மானிட்டர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ட்விட்டர் (மானிட்டரில் உயர்ந்த ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்துக்கு வர வேண்டும். மேசையில் நேரடியாக வைத்தால் மேசைப் பலகையே ஒரு வாத்தியமாகிவிடும். அடியில் தடிமனான ஃபோம் கொடுத்து, ட்விட்டர் காதைப் பார்க்கும்படி லேசாக மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

பிறகு ஒரு சோதனை. க்ளீன் டோனில், ஆறாவது தந்தியில் ஓப்பனிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரே அழுத்தத்தில் வாசித்துப் போங்கள். ஒரு சுரம் மட்டும் அறையே அதிரும்படி எழும், இன்னொன்று காணாமல் போகும். அது கிடாரின் குற்றமுமல்ல, மாடலரின் குற்றமுமல்ல. 4 மீட்டர் நீள அறையின் முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் ஏறக்குறைய 43, 86 ஹெர்ட்ஸில் விழும். அந்த நீளத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் E-யும் F-உம் ஊதிப் பெருக்கும். சுவரிலிருந்து 1 மீட்டரில் உட்கார்ந்தால் அதே இரண்டும் இளைத்துவிடும். நாற்காலியை இரண்டுக்கும் நடுவே, 1.5 மீட்டர் பக்கம் நகர்த்தினால் ஓரளவு சமமாகும். செலவில்லாத வேலை. இதைச் செய்யாமல் 8 அங்குல மானிட்டருக்கு மாறினால் அதே கோளாறு இன்னும் உரக்கக் கேட்கும், அவ்வளவுதான். சப்வூஃபரும் வேண்டாம். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் 82 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடாருக்கு வேலையே இல்லை. ஏழு தந்திக் கிடாரின் தாழ்ந்த B 61.7 ஹெர்ட்ஸ்; அதைத் தினமும் வாசிப்பவர் மட்டும் 7 அங்குலத்தை யோசிக்கலாம்.

ஒலியளவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சத்தம் குறையும்போது நம் காதுக்குப் பேஸும் ஓரளவு ட்ரெபிளும் மற்றவற்றைவிட வேகமாகக் குறைகின்றன; ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வெளியிட்டுவிட்டார்கள். இரவில் மெதுவாகக் கேட்டு பேஸைத் திருகி ஏற்றிய ப்ரீசெட் (மாடலரில் சேமித்த டோன் அமைப்பு), அடுத்த நாள் உரக்க வைத்தால் கொழகொழவென்றுதான் இருக்கும். வாசிக்கப்போகும் அளவிலேயே ப்ரீசெட்டை அமையுங்கள். ஐஆருக்குப் பின் லோ கட் (அதற்குக் கீழே வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலே வெட்டுவது) 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் என்று தொடங்கினால் பெரும்பாலான கூச்சல் அடங்கும். அறைக்கான திருத்தத்தை மட்டும் குளோபல் ஈக்யூவில் (எல்லா ப்ரீசெட்டுகளுக்கும் பொதுவான ஈக்வலைசரில்) வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வாசிக்கப் போகும்போது அதை ஒரே தட்டில் அணைத்துவிடலாம், ப்ரீசெட்டுகள் கெடாமல் இருக்கும்.

இணைப்பில் நடக்கும் கோளாறுகள் சில்லறைதான், ஆனால் அவற்றால்தான் பாதிப் பேர் ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள். மாடலரின் அவுட்புட் 'லைன்' அளவில் இருக்கட்டும். 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று இருந்தால் மானிட்டரை எக்கச்சக்கமாக ஏற்ற வேண்டிவரும், இரைச்சலும் கூடவே ஏறும். வெளி இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். யூஎஸ்பியில் கணினி சேர்ந்ததும் 'ங்ங்' என்று ஹம் வந்தால் கிரவுண்ட் லூப்பை (கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து உண்டாக்கும் வளையத்தை) சந்தேகியுங்கள். அன்பேலன்ஸ்டு கேபிளில் அது இன்னும் சுலபமாக நுழையும். ஒரே ஸ்பீக்கர்தான் என்றால் இடது/மோனோ சாக்கெட்டை மட்டும் பயன்படுத்தி, மாடலரிலும் மோனோ என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இடமும் வலமும் மாறி மாறி எதிரொலிக்கும் பிங்பாங் டிலேயில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் கேட்கும். முதலில் மாடலர், கடைசியாக மானிட்டர் ஆன், அணைக்கும்போது தலைகீழ்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஆகாதா என்றால், ஆகாது. ப்ளூடூத்தில் சாதாரணமாக 100 மில்லிநொடிக்கு மேல் தாமதம் உண்டு. அது ஆம்பை 34 மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம். சவுண்ட்பாரில் கம்பி வழியே போனாலும் உள்ளே இருக்கும் செயலி தாமதத்தைச் சேர்க்கலாம், பேஸையும் தன் இஷ்டத்துக்கு ஊதும். பழைய ஹைஃபை ஆம்பும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கேபினட் பிளாக் இல்லாமல் ஹை கெய்னை உரக்க விட்டு ட்விட்டரை மட்டும் பொசுக்கிவிடாதீர்கள்.

என் கட்சி செல்லாத இடங்களும் உண்டு. ட்ரம்மருடன் வாசிப்பவருக்கு 5 அங்குலம் காணாது. நோட்டைப் பிடித்து நிறுத்தி ஃபீட்பேக்கில் விளையாடுகிறவருக்கு, தந்தியை அதிரவைக்கும் அளவுக்குக் காற்றைத் தள்ளும் பெட்டி வேண்டும். "மைக் வைத்த ஓசை வேண்டாம், அறையில் ஆம்ப் நிற்கும் உணர்வு வேண்டும்" என்பவரின் குறை நியாயமானது. ஐஆர் கேட்பது கோனுக்கு ஓரிரு அங்குலத்தில் நிற்கும் மைக்கின் காதால், நாம் ஆம்பைக் கேட்டுப் பழகியதோ முழங்காலுக்குக் கீழிருந்து, பக்கவாட்டில். லைன் 6 பவர்கேப், ஸ்பீக்கர் மாடல்களைத் தன்னிடமே வைத்திருப்பது இவர்களுக்காகத்தான். அதை அந்த முறையில் வைத்தால் மாடலரின் கேபினட் பிளாக்கை அணைக்க மறக்காதீர்கள். தட்டையான எஃப்ஆர்எஃப்ஆர் முறையில் வைத்தால் மறுபடி போட்டுவிடுங்கள்.