ஈசினோபில் கூடினால் எதிர்ப்பு சக்தி குறைவா?

'ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் கூடியிருந்தால் உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை என்று அர்த்தம். கஷாயம் குடித்து சக்தியை ஏற்றுங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. கிட்டத்தட்ட நேர்மாறு.

ஈசினோபில் ஒரு வகை வெள்ளையணு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காமல் திசுக்களுக்குள் போய்விடும். 'உயிரோடு இரு' என்ற சமிக்ஞை வராவிட்டால் சில நாளில் தானாகவே மடியும். ஒவ்வாமையில்தான் கதை மாறுகிறது. தூசியோ மகரந்தமோ பட்டதும் மற்ற எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-5 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது மஜ்ஜையில் உற்பத்தியையும் கூட்டும், 'இப்போது சாகாதே' என்றும் சொல்லும். ஆய்வகத் தட்டில் இந்தப் புரதம் இல்லாமல் ஓரிரு நாளில் சாகும் அணு, இது இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும். அப்படித் தங்கிவிட்டவை மூச்சுக்குழாயில் நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. வீசிங் அடங்க மறுக்கிறது.

ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்த அணுக்கள் மடிய வழிவிடுகிறது. கடுமையான ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்ற மெபோலிசுமாப் ஊசி இன்டர்லூகின்-5-ஐயே மடக்குகிறது. இரண்டுமே சக்தியை ஏற்றும் வேலையல்ல, அடக்கும் வேலை.

இன்னொன்று: குடற்புழு, யானைக்கால் புழு இருந்தாலும் இந்த எண்ணிக்கை ஏறும். ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.