ஃபுனாஃபுட்டியில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான்

கடல்மட்டம் உயர்ந்து மூழ்கிவிடும் என்று பேசப்படும் பசிபிக் தீவு நாடான துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டிக்குச் சென்று வந்தேன் என்று சொன்னதும், "இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துத் திரும்பியவரிடம் விசாரிக்கும் தொனி அது. மூழ்குமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பயணத் திட்டம் போடுகிறவர்களின் மனநிலையும் அதுவே. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிஜியின் சுவாவிலிருந்து விமானம் வரும்போது சைரன் ஒலிக்கிறது, ஓடுபாதையில் இருப்பவர்கள் விலகிக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை அமைத்த அந்த ஓடுபாதைதான் மாலையில் ஊருக்கே மைதானம். கைப்பந்து வலை கட்டுகிறார்கள், பாய் விரித்துக் கதை பேசுகிறார்கள். அதை அமைப்பதற்காகப் பவள மண்ணைத் தோண்டிய பள்ளங்கள் உப்புநீரும் குப்பையுமாகப் பல பத்தாண்டுகள் கிடந்து, 2015இல்தான் நியூசிலாந்தின் உதவியோடு, காயலிலிருந்து எடுத்த மணலால் நிரப்பப்பட்டன. இந்தத் தீவுக்கு நேர்ந்த கேடுகளில் கடலைக் குற்றம் சொல்ல முடியாதவையும் உண்டு.

ஒன்பது தீவுகளும் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ பதினோராயிரம் பேர், அவர்களில் பாதிக்கு மேல் ஃபுனாஃபுட்டியில். 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்ட ஆக்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடல்மட்டம் உயர்ந்த அதே காலத்தில் துவாலுவின் நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருப்பதாக 2018இல் வெளியிட்டார்கள். அலைகள் பவளத் துகள்களைக் கொண்டுவந்து கரையில் சேர்ப்பதே காரணம். இதைச் சொன்னவுடன், அப்படியானால் ஆபத்தே இல்லை என்று குதிப்பவர்களும் இருக்கிறார்கள். கடல் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை. பெரும் ஓதத்தின்போது துளைகள் நிறைந்த பவள நிலத்தின் அடியிலிருந்தே உப்புநீர் ஊறி மேலே வருகிறது. குழி வெட்டி நிலத்தடி நன்னீரை எட்டி வளர்க்கும் புலாக்கா என்ற கிழங்குப் பயிர் அதனால்தான் கருகுகிறது.

ஆறோ ஓடையோ கிடையாது. கூரையில் விழும் மழையைத் தகரப் பீலியில் வழித்துத் தொட்டியில் பிடிப்பதே குடிநீர். 2011 வறட்சியில் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது, தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது, உப்பகற்றும் கருவிகள் வெளிநாடுகளிலிருந்து வந்தன. வீட்டு வாசலில் நிற்கும் அந்தத் தொட்டியைப் பார்த்த பிறகு, விடுதியில் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கக் கை வரவில்லை. போக விரும்புகிறவர்கள் வறண்ட மாதங்களைத் தவிர்ப்பதும், கேமராவைவிட வாளியை அதிகம் கவனிப்பதும் நல்லது.

ஆஸ்திரேலியாவுடன் 2023இல் செய்துகொண்ட ஃபலேபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025இல் முதன்முறை விண்ணப்பம் கோரியபோது முதல் சில நாள்களிலேயே நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் பெயர் கொடுத்தார்கள். உடனே ஒரு தேசமே ஓடுகிறது என்று தலைப்பிட்டார்கள். அந்த விசா பெற்றவர் படிக்கலாம், வேலை பார்க்கலாம், எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வந்து போகலாம் என்ற விவரத்தை அந்தத் தலைப்புகளுக்குக் கீழே நான் அதிகம் காணவில்லை.