சிரிப்பு இருக்கிறது, ஆர்மோனியம் எங்கே?

கோடை வந்தால் சென்னை சபாக்கள் நாடக விழா நடத்துவதும், அவற்றில் பெரும்பாலானவை நகைச்சுவை நாடகங்களாக இருப்பதும், உடனே சிலர் "எல்லாம் துணுக்குத் தோரணம்" என்று முகம் சுளிப்பதும் வழக்கமாகிவிட்டன. முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பகலெல்லாம் வங்கியிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் குழுவினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்க்கும் அமெச்சூர் நடிகர்கள் செய்வது லேசான காரியம் அல்ல. அரங்கில் சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது அடுத்த வசனத்தைத் தொடங்கினால் அது கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது; முழுக்க அடங்கிய பிறகு தொடங்கினால் காட்சி தொய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அரை விநாடியைப் பிடிக்கத் தெரிந்தவர்களால்தான், 1979இல் கிரேஸி மோகன் தொடங்கிய குழு 'சாக்லேட் கிருஷ்ணா'வை ஆயிரம் முறைக்கு மேல் மேடையேற்ற முடிந்தது.

என் குறை வேறு. இவ்வளவு சிரிக்க வைக்கும் நம் மேடையில் யாரும் பாடுவதில்லை.

இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, ஊர் ஊராகச் சென்ற தொழில்முறைக் கம்பெனிகளில் பாட்டுதான் பிரதானமாக இருந்தது. கதாநாயகன் செத்து விழுந்த பிறகும் 'ஒன்ஸ்மோர்' கேட்டு எழுப்பிப் பாட வைத்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வழக்கறிஞர்களும் படித்த உத்தியோகஸ்தர்களும் நிறைந்த புதிய சபை, பாட்டைக் குறைத்து, உரைநடை வசனத்துக்கு முதலிடம் கொடுத்தது. எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயரை வைத்துச் சம்பந்த முதலியார் எழுதிய 'சபாபதி' இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வருகிறது என்றால், அந்த வசனச் சிக்கனமே காரணம். 1952இல் பிறந்த யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற நாடகக் குழு முதல், 1968இல் 'முகமது பின் துக்ளக்'கை மேடையேற்றிய சோவின் குழு வரை, பின்னால் வந்தவர்கள் அனைவரும் ஏறக்குறைய இந்த வழியில் நடந்தவர்களே. அந்தக் காலத்துக்கு அது தேவையான திருத்தம். ஆனால் மிகையைக் குறைக்கப் போய், காலப்போக்கில் பாட்டையே மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். இன்று சபா நாடகத்தில் இசை என்பது, விளக்கணைத்துக் காட்சி மாற்றும்போது ஒலிபெருக்கியில் ஓடும் பதிவு மட்டுமே.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்துத் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் கதையே வேறு. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கும். முதலில் பபூன், அதாவது கோமாளி வேடக்காரர், வருகிறார். மேடை ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் இருக்கும். அவற்றோடு 'ஆல்ரவுண்ட்' என்று சொல்லப்படும் தாளக்காரரும் இருப்பார். பபூன் ஒரு நகைச்சுவையைச் சொல்லி முடித்ததும் தாளக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார், கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் ஆர்மோனியக்காரர் சுருதி கொடுக்க, பேச்சு பாட்டாகிவிடும். இதில் வியப்பு என்னவென்றால், நடிகர்கள் தனித்தனியே வெவ்வேறு ஊர்களிலிருந்து பேசி அழைக்கப்பட்டவர்கள். சேர்ந்து ஒத்திகை பார்க்காமலேயே மேடையேறுபவர்கள். வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் நம் குழுக்கள் ஒரு பாட்டுக்குத் தயங்குவதற்கு, அவர்களைப் பார்த்த பிறகு எனக்கு நியாயம் தெரியவில்லை.

செலவாகும் என்பார்கள். அரை நாள் போட்டுப் பிரிக்கும் வரவேற்பறை செட்டுக்கும் அதை ஏற்றிவரும் வண்டிக்கும் ஆகும் தொகையில் ஒரு பகுதியே இரண்டு வாத்தியக்காரர்களுக்குப் போதும். சோபாவும் வாசற்கதவும் இல்லாமல் நகைச்சுவை நாடகம் நடக்காது என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. எங்கள் நடிகர்களுக்குக் குரல் வளம் இல்லை என்பது அடுத்த சாக்கு. காமிக் பாட்டுக்குக் கமகம் என்ற குரல் அசைவு தேவையில்லை. தாளமும் வார்த்தைத் தெளிவும் இருந்தால் போதும். வசனத்தில் அரை விநாடியைப் பிடிக்கத் தெரிந்தவருக்குத் தாளம் வராது என்பதை நான் நம்பவில்லை. டிசம்பரில் இதே அரங்கில் உட்கார்ந்து கச்சேரி கேட்டுத் தொடையில் தாளம் போடும் ரசிகர்கள்தாம் கோடையில் நாடகம் பார்க்கவும் வருகிறார்கள் என்பதால், கேட்பதற்கு ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது.

சபாச் செயலாளர்களிடம் நான் கேட்பது சிறியதுதான். அடுத்த கோடை விழாவில், மேடையிலேயே ஆர்மோனியம் வைத்து நடிகர்களே பாடும் புதிய நகைச்சுவை நாடகம் ஒன்றுக்கு இடம் கொடுங்கள். அதற்கு யாரும் வராத செவ்வாய்க்கிழமையை ஒதுக்கிவிட்டு, பிறகு கூட்டம் இல்லை என்று கணக்குக் காட்டாமல், ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கொடுங்கள்.